‘அப்பல்லாம் ஏது?’ ஆசாமி

துளசிராமனின் வலது காலை மடியில் கிடத்திக்கொண்டு சம்பூர்ணம் நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். கால் மணி நேரம் வெந்நீரில் ஊறிய கால். எழுபத்தெட்டு வயதுக் கால்நகம் லேசுப்பட்ட சரக்கு இல்லை. காய்ந்தபடியே வெட்டினால் தெறித்துப்போய் எதிரில் இருப்பவர் கண்ணில் விழும். அன்றைக்கு எதிரில் ஒருவர் இருந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு, செய்தித்தாளை முகத்துக்கு முன்னால் அகலமாக விரித்துப் பிடித்து, அதற்குப் பின்னாலிருந்து தம் இனத்தின் கீதத்தை இசைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பல்லாம் இதெல்லாம் ஏது?"

வாசகரே, இவரைப் பரிச்சயம் செய்துகொள்ளுங்கள். ஒருவேளை ஏற்கெனவே பரிச்சயமாகவும் இருக்கலாம். இரண்டு நாற்காலியும் ஒரு செய்தித்தாளும் உள்ள எந்த இடத்திலும் வளரக்கூடிய இனம் இது. பார்த்த மாத்திரத்தில் அடையாளம் சொல்லிவிடலாம்: சட்டைப் பையில் மூடி போட்ட பேனா, கையில் ஓய்வுபெற்ற அன்று கம்பெனி கொடுத்த கடிகாரம், பார்வையில் உலகம் தம்மைக் கேட்காமல் கெட்டுப்போன வருத்தம். ஊருக்குள் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி வருவதற்கு முன்னால் யாருக்கும் ரத்த அழுத்தமே கிடையாது என்பது இவருடைய கட்சி. கண்ணாடிக் கடை திறந்த பிறகுதான் பிள்ளைகளுக்குக் கண் கெட்டது. செவ்வாப்பேட்டையில் இருக்கும் இவருடைய மச்சான் இன்னும் ஒரு படி மேல். ரயில் நிலையத்தில் கடிகாரம் மாட்டிய பிறகுதான் ரயில் தாமதமாக வர ஆரம்பித்தது என்று சாதிப்பவர். காரணம் கேளுங்கள், அடுக்குவார்கள்: பிராய்லர் கோழி, பாக்கெட் பால், செல்போன் டவர், மிக்ஸியில் அரைத்த சட்னி. பார்க்கிற கருவி வந்ததால் பார்வைக்கு வந்தது என்கிற ஒரு காரணம் மட்டும் அந்த வரிசையில் ஒருநாளும் வராது.

புதுவாயல் கூட்டுரோட்டுக்குப் பின்னால் இரண்டாவது தெருவில் கிடைக்கும் உருப்படியின் பெயர் செங்கல்வராயன். வயது எழுபத்தொன்று. கும்மிடிப்பூண்டியில் போல்ட் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்திரண்டு வருஷம் தரப் பரிசோதகர். துளசிராமன் அதே தொழிற்சாலையில் லேத் மெஷினில் போல்ட் கடைந்தவர். இப்போது துளசிராமனுக்கு மறதி நோய். மருமகள் ரோஜா தேர்வாய் கண்டிகைக்கு ஷிப்ட் பஸ் ஏறிப் போனதும், முறையாகப் பயிற்சி எடுத்து பதினான்கு வருஷமாக இந்த வேலையே பார்க்கிற சம்பூர்ணம் பொறுப்பெடுத்துக்கொள்வாள். செங்கல்வராயன் நாள் தவறாமல் காலையில் வந்து நண்பருக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டுவார். அந்த ஒரு காரியத்துக்காக அவருடைய மற்ற பாவங்களில் பாதியைச் சம்பூர்ணம் மன்னித்துவிட்டிருந்தாள். மீதிப் பாதிக்குத்தான் இன்றைக்கு வெந்நீர் வைத்திருந்தாள்.

"போர்டு பாத்தியா சம்பூர்ணம்? ஆஸ்பத்திரி வாசல்ல எழுதி வச்சுகீறாங்க. போன வருஷம் மறதி நோய் நாலு பேரு. இந்த வருஷம் முப்பத்தொண்ணு. நாலு எங்க, முப்பத்தொண்ணு எங்க! இன்னா நடந்துச்சு நடுவுல?"

"நடுவுல முகாம் நடந்துச்சு."

"அத்தான் நானும் சொல்றேன். முகாம் வந்துச்சு, நோயும் வந்துச்சு. சும்மா கீற மனுசன இட்டாந்து உக்கார வச்சு, இன்னிக்கு இன்னா கெழமை, நூறுல ஏழு போனா எவ்ளோன்னு கேட்டா எவனுக்குத்தான் மறதி வராது?"

"தொண்ணூத்தி மூணு" என்றாள் சம்பூர்ணம், கட்டைவிரல் நகத்தின் ஓரத்தை நிமிண்டியபடி. "அந்த சினிமாப் பக்கத்தக் குடுண்ணே. நகத்தக் கொட்டணும்."

அப்போது செண்பகம் வந்தாள். செங்கல்வராயனின் மனைவி. எதிர்வீட்டிலிருந்து டம்ளர் தளும்பாமல் தெருவைக் கடந்து வருவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. "இன்னாங்க, காபி" என்று வைத்தாள். சம்பூர்ணத்தைப் பார்த்து, "ரோஜா வேலைக்குப் போயிட்டாளாக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். செங்கல்வராயன் காபியைக் குடித்தார். மணி எட்டு.

"அப்பல்லாம் பெருசுங்க இப்டியா இருந்தாங்க?" என்று அவர் தொடர்ந்தார். "எங்க நைனா எண்பது வயசு வரைக்கும் கல்லு மாதிரி. ஒரு மாத்திர முழுங்கினதில்ல. தெனம் காலையில கயிறும் வாளியும் எடுத்துக்கினு கெணத்துக்குப் போய்டுவாரு."

"எந்தக் கெணறு?"

"மேட்டாண்ட இருந்துச்சே, அது."

"அத மண்ணு போட்டுத் தூத்து மேல லாரி ஷெட்டு கட்டிப் பத்து வருசம் ஆயிருந்துச்சேண்ணே அப்ப?"

செங்கல்வராயன் சிரிக்க ஆரம்பித்தார். "அத்தான் தமாசு! ஷெட்டு வாசல்ல நின்னு எட்டி எட்டிப் பாத்துட்டு வந்து, தண்ணி வத்திப்போச்சுடான்னுவாரு. லாரிக்காரங்க பாவம், ஒரு வாளித் தண்ணி குடுத்து அனுப்புவாங்க. குசும்பு புடிச்ச மனுசன்!"

சம்பூர்ணம் கட்டைவிரல் நகத்தை வெட்டிச் சினிமாப் பக்கத்தில் போட்டாள். "ஒண்ணு" என்றாள்.

அவர் கவனிக்கவில்லை. இந்த இனத்தின் இன்னொரு குணம் இது: பழைய கதை ஒன்று வாயிலிருந்து வந்துவிட்டால் பின்னாலேயே இன்னொன்று வந்து நிற்கும். அத்தை ஒருத்தி இருந்தாள். இட்லியைத் தலையணை உறைக்குள் ஒளித்துவைப்பாள். எறும்பு வரிசை பார்த்துத்தான் கண்டுபிடிப்பார்கள். கேட்டால் மருமகள் சோறு போடவில்லை என்று தெருவெல்லாம் சொல்லுவாள், வாயோரம் சட்னியோடு. "பிடிவாதக்காரி!" இரண்டு. தபால்காரர் கோபால் ரிட்டையர் ஆன பிறகும் விடவில்லை. ஒரு வீட்டுக்கு வந்த கடுதாசியை எடுத்துக்கொண்டு போய் இன்னொரு வீட்டில் கொடுத்துவிட்டு வருவார். அப்படித்தான் ஒருதரம் பெண் பார்க்க வருகிறோம் என்று எழுதிய கடுதாசி வீடு மாறிப்போய், பெண்ணே இல்லாத வீட்டில் கேசரி கிளறிவிட்டார்கள். "கடமை தவறாத ஆளு!" மூன்று. அந்தோணியின் அம்மா சாவு வீட்டுக்கு வந்து கணீரென்று கல்யாணப் பாட்டு பாடுவாள். பிணத்தைத் தவிர எல்லோரும் முந்தானையைக் கடித்துக்கொண்டு சிரிப்பார்கள். "அவங்களுக்குக் காத்து சேட்டைன்னு சொல்லி மந்திரிச்சாங்க." நான்கு.

"இன்னாங்க, காபி."

செண்பகம். மணி எட்டேகால். "ரோஜா வேலைக்குப் போயிட்டாளாக்கா?"

"போயிட்டா செண்பகம்" என்றாள் சம்பூர்ணம், முதல் தடவை சொல்வது போலவே.

செங்கல்வராயன் டம்ளரை வாங்கினார். மனிதருக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை நோய். (ஆமாம், அதுவும் அப்பல்லாம் ஏது?) வாயில் வைத்ததும் முகம் ஒரு கணம் சுருங்கியது, இரண்டு பேருக்குப் போடுகிற சர்க்கரை அதில் இருந்தது. குடித்து முடித்தார். சொட்டு மிச்சம் வைக்கவில்லை. செண்பகம் தெருவைத் தாண்டும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நான்தான் ரெண்டாவது கேட்டேன்" என்றார், யாரும் கேட்காமலே.

சம்பூர்ணம் பாதத்தை இன்னும் கிட்டே இழுத்துப் பிடித்தாள். சுண்டுவிரலுக்கு வந்திருந்தாள், அந்த நகம் சதைக்குள் திரும்பி வளர்ந்திருந்தது, கவனம் தேவைப்பட்டது. துளசிராமன் கூரையிலுள்ள மின்விசிறியைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார்.

"உங்க பெரியப்பா ஒருத்தரு இருந்தாரேண்ணே? தலப்பா கட்டிக்கினு?"

"அவுரா." செங்கல்வராயன் செய்தித்தாளை மடித்தார். "அவுரு காசிக்குப் போய்ட்டாரு."

"சொல்லிக்கினு போனாரா?"

"இல்ல. ஒருநாள் சாய்ங்காலம் சட்டய மாட்டிக்கினு கெளம்பினாரு. ரோட்டாண்ட பாத்தாங்க. அப்புறம் பழவேற்காட்டாண்ட பாத்ததா ஒருத்தன் சொன்னான். எட்டு நாள் தேடினாங்க." மடித்த தாளை இன்னொரு மடிப்பு மடித்தார். "காசிக்குப் போய்ட்டாருன்னு சொல்லிக்கினாங்க."

சம்பூர்ணம் சுண்டுவிரல் நகத்தை மெதுவாக எடுத்து, சினிமாப் பக்கத்தில் தனியாக வைத்தாள்.

"அஞ்சு. இது வலது கால் கணக்கு. ஒரு தெருவு. இன்னும் எடது கால் பாக்கி கீது."

"இன்னா அஞ்சு?"

"குசும்பு ஒண்ணு, பிடிவாதம் ஒண்ணு, கடமை ஒண்ணு, காத்து ஒண்ணு, காசி ஒண்ணு. அப்பல்லாம் ஏதுன்னு கேட்டியே, அது அஞ்சு. நீ தரம் பாத்த ஆளுதானே? ரிஜெக்டு ஆனத எண்ணாம அஞ்சு டப்பால பிரிச்சுப் போட்டுட்டு, ரிஜெக்டே கெடயாதுன்னா உங்க கம்பெனில உட்டுருப்பாங்களா?"

இந்த இடத்தில் ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். சம்பூர்ணம் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவளும் இல்லை. அந்த இனமும் உண்டு. நெற்றியில் ஏற்றிய கண்ணாடியை வீடெல்லாம் தேடிவிட்டு, "எனக்கு மறதி நோய் வந்துவிட்டது" என்று மூன்று மகள்களுக்கும் போன் போடுபவர்கள். அவர்களையும் அவள் அறிவாள். ஒரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்பிவிடுவாள். ஆகவே இப்போதும் அளந்தே பேசினாள்.

"நோயே அதிகமாகலன்னு நான் சொல்லலண்ணே. அப்ப அறுவதத் தாண்டறதே பெருசு. இப்ப நம்ம தெருவுலயே எண்பது தாண்டினவங்க ஒன்பது பேரு. கெழடு கூடினா கெழட்டு நோயும் கூடத்தான் செய்யும். ஆனா நாலு முப்பத்தொண்ணு ஆனது ஒரே வருசத்துல. ஒரு வருசத்துல அவ்ளோ பேருக்கா புத்தி போயிடும்? அந்த இருவத்தேழு பேரும் போன வருசமும் இதே ஊர்லதான் உப்பு ரெண்டு தபா போட்டுக்கினு இருந்தாங்க. போர்டுலதான் இல்ல."

"உப்பு இன்னாத்துக்கு இழுக்கற?"

"சர்க்கரைன்னு வச்சுக்க."

செங்கல்வராயன் காலியான டம்ளரைப் பார்த்தார்.

"நாளிக்கு முகாமுக்குக் கடைசி நாள்" என்றாள் சம்பூர்ணம், இடது காலை மடிக்கு மாற்றிக்கொண்டே. "செண்பகத்த இட்டுக்கினு வாண்ணே."

"அவளுக்கு இன்னா? நல்லாத்தான் கீறா."

"நல்லா இருந்தா நல்லா கீறான்னு எழுதித் தரப்போறாங்க. தைராய்டா இருந்தாலும் இப்டிப் பண்ணும். சத்துக் கொறஞ்சாலும் பண்ணும். மாத்திரையில திரும்பறதும் உண்டு. இல்ல, துளசி அண்ணனுக்கு வந்ததுதான்னா, அதயும் மொதல்லயே தெரிஞ்சா வேற மாதிரி பாத்துக்கலாம். இவரு விசயத்துல நாலு வருசம் வயசாச்சு வயசாச்சுன்னே ஓட்டினாங்க. அடுப்பப் பத்த வச்சுட்டுத் தெருவுக்குப் போன அன்னிக்குத்தான் டாக்டராண்ட போனாங்க."

"பேரு வச்சாத்தான் நோயி! பேரு வைக்காத வரைக்கும் அவ செண்பகம்!" குரல் உயர்ந்துவிட்டது. "போர்டுல முப்பத்திரெண்டுன்னு எழுதறதுக்கு எம் பொண்டாட்டிதான் கெடச்சாளா?"

"இன்னாங்க, காபி."

மணி எட்டரை. மூன்றாவது டம்ளர். "ரோஜா வேலைக்குப் போயிட்டாளாக்கா?"

இந்த முறை சம்பூர்ணம் வாயைத் திறப்பதற்குள் செங்கல்வராயன், "போயிட்டா, போயிட்டா" என்றார். பிறகு கையை நீட்டி மூன்றாவது காபியை வாங்கிக்கொண்டார். குடிக்கவும் செய்தார். அவள் போகும்வரை, தேன் குடிப்பவர் போல முகத்தை வைத்துக்கொண்டு.

மாட்டிக்கொண்ட மனிதர் என்ன செய்வார்? இந்த இனத்தைச் சேர்ந்த ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு மகத்தான கதை இருக்கும். கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதுவானாலும் பந்தியில் பாயசம் வருவதற்குள் அதைச் சொல்லிவிடுவார். நெருக்கடி வந்தால் அதற்குள்தான் புகுந்துகொள்வார். செங்கல்வராயனும் புகுந்தார்.

"தரம் பாத்தவனாண்ட வந்து தரத்தப் பத்திப் பேசாத சம்பூர்ணம். தொண்ணூத்தாறாம் வருசம் இன்னா நடந்துச்சு தெரியுமா?"

தெரியும். தெருவுக்கே தெரியும். ஆனாலும் யார் தடுக்க முடியும்?

"அதுக்கு முன்னால போல்ட்ட நகத்தால நிமிண்டியும் கண்ணால பாத்தும்தான் தரம் பாப்போம். ஷிப்ட்டுக்கு நாலு ரிஜெக்டு, அஞ்சு ரிஜெக்டு. அப்பதான் வெளிநாட்லேர்ந்து புது மெஷின் வந்துச்சு, மயிரெழ வித்தியாசத்தயும் காட்டறது. மொத நாள் ஷிப்ட்டு முடிஞ்சு பாத்தா, நாப்பது ரிஜெக்டு! மேனேஜரு குதிச்சுக்கினு வந்தாரு. லேத் ஓட்டறவன் தூங்கறான், அவன சஸ்பெண்டு பண்ணுன்னாரு. லேத்ல யாரு? இதோ, இவன்தான். துளசி. கண்ணுல தண்ணி வச்சுக்கினு நிக்கறான். நான் முன்னால போய் நின்னேன். அத்தினி பேரு பாக்கறாங்க. சார்னேன். போல்ட்டு நேத்து வந்த மாதிரிதான் இன்னிக்கும் வருது சார்னேன். ரிஜெக்டு ஒண்ணும் கூடல சார்..."

இங்கே நிறுத்துவார். முப்பது வருஷமாக இதே இடத்தில்தான் நிறுத்துகிறார். கேட்பவர் முகத்தை ஒரு சுற்று பார்ப்பார். துண்டை உதறித் தோளில் போடுவார். அதற்குப் பிறகுதான் கடைசி வரி வரும்.

துண்டை உதறினார்.

"நேத்து நமக்குக் கண்ணு தெரியல; இன்னிக்குத் தெரியுது."

சொன்னது செங்கல்வராயன் இல்லை. சம்பூர்ணமும் இல்லை. மின்விசிறியைப் பார்த்தபடியே துளசிராமன் சொல்லியிருந்தார். பெற்ற மகன் பெயர் தெரியாது, சாப்பிட்டது நினைவில்லை, எந்த ஊரில் படுத்திருக்கிறோம் என்று தெரியாது. தன் வேலையைக் காப்பாற்றிக் கொடுத்த அந்த ஒரு வரி மட்டும் எழுத்துப் பிசகாமல் இருந்தது.

உதறிய துண்டு செங்கல்வராயன் கையிலேயே நின்றுபோனது.

"டேய் துளசி" என்றார்.

துளசிராமன் தலையைத் திருப்பி அவரை மரியாதையாகப் பார்த்தார். "நீங்க யாரு சார்? நாஷ்டா இன்னும் வரலயே?"

"ரெண்டு தபா ஆச்சுண்ணே. இன்னும் ஒண்ணு வேணும்னா தரேன்" என்றாள் சம்பூர்ணம். சிரிக்கவுமில்லை, கண்ணைத் துடைக்கவுமில்லை. இடது கால் நகம் மூன்று பாக்கி இருந்தது, வெட்டினாள். சினிமாப் பக்கத்தை நான்காக மடித்தாள். செங்கல்வராயன் மூன்று டம்ளர்களையும் ஒன்றுக்குள் ஒன்றாகச் சொருகிக்கொண்டு வாசல் வரை போய், திரும்பாமலே கேட்டார்.

"நாளிக்கு எத்தினி மணிக்குத் தொறப்பாங்க?"

மறுநாள் எட்டரை மணிக்குத் திறக்கும் ஆஸ்பத்திரிக் கதவின் முன்னால் ஏழே முக்காலுக்கே செங்கல்வராயன் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் செண்பகம், மடிப்புக் கலையாத புடவையில். துளசிராமனின் மாதாந்தர மாத்திரைக்காக அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்த சம்பூர்ணத்தைப் பார்த்ததும் செண்பகம் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள். "இவருக்குத்தான் டெஸ்டாம்க்கா. என்னத் தொணைக்கு இட்டாந்துகீறாரு. பாவம், மறதி ஜாஸ்தியாயிடுச்சு. காபி குடிச்சத மறந்துட்டு மறுபடி மறுபடி குடிக்கறாரு."

செங்கல்வராயன் கரும்பலகையை வெகு அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

வரிசை நீண்டது. பின்னால் நின்ற ராஜமாணிக்கம், சட்டைப் பையில் மூடி போட்ட பேனா வைத்திருந்தவர், பலகையையும் கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "இன்னா கூட்டம்யா இது! பேஜாரு. அப்பல்லாம் இதெல்லாம் ஏது?"

செங்கல்வராயன் மெல்லத் திரும்பினார். தொண்டையைச் செருமினார். "தொண்ணூத்தாறாம் வருசம்" என்றார்.

மெஷின் வந்தது. நாற்பது ரிஜெக்ட் ஆனது. மேனேஜர் குதித்தார். வரிசையில் இருந்தவர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். முதல் முறையாக அந்தக் கதை போய்ச் சேர வேண்டிய இடத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. "ரிஜெக்டு ஒண்ணும் கூடல சார்" என்று சொல்லி நிறுத்தி, துண்டை எடுத்து உதறினார்.

"நேத்து நமக்குக் கண்ணு தெரியல, இன்னிக்குத் தெரியுது!" என்றாள் செண்பகம். "எத்தினி வருசமா கேக்கறேன்! எது மறந்தாலும் இத மட்டும் மறக்க உடமாட்டேன்றாரே இந்த மனுசன்!"

வரிசை முழுக்கச் சிரித்தது. எதற்கென்று தெரியாமலே துளசிராமனும் சிரித்தார். செங்கல்வராயனுக்குச் சிரிப்பு வருவதற்குச் சற்று நேரம் பிடித்தது. வந்த பிறகு நிற்கவில்லை, துண்டால் கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது.

நர்ஸ் பிரின்சி இருவரையும் உட்காரவைத்துக் கேட்டாள். நூறில் ஏழு போனால் எவ்வளவு என்பதற்குச் செங்கல்வராயன் நேற்றே விடை தெரிந்துகொண்டிருந்தார். செண்பகத்துக்குக் கிழமை தெரியவில்லை. ஆனால் அன்றைக்கு மளிகைக் கடை விடுமுறை என்று தெரிந்தது. ரத்தம் எடுத்தார்கள். முடிவு வர ஒரு வாரம் ஆகும், தைராய்டு பார்க்க வேண்டும், மற்றதும் பார்க்க வேண்டும் என்றாள் பிரின்சி. பலகையில் முப்பத்தொன்று அப்படியே இருந்தது.

"ஏத்தறதா இருந்தா ஏத்தும்மா. மறைக்காத" என்றார் செங்கல்வராயன்.

வீட்டுக்குப் போனதும் பழைய டைரி ஒன்றைக் கிழித்து, அளவுகோல் வைத்துக் கட்டம் போட்டு, அடுப்புக்கு மேலே ஒட்டினார். காபி, உப்பு, மாத்திரை, கேஸ் மூடியது. ஒவ்வொன்றுக்கும் நேரம், டிக், பரிசோதகர் கையொப்பம். முப்பத்திரண்டு வருஷத்துக் கையெழுத்து, கோணல் இல்லை. செண்பகம் அதை மேலிருந்து கீழாகப் படித்துவிட்டு, "கையெழுத்து நானா போடணும், நீங்களா?" என்று கேட்டாள். "ரெண்டு பேரும்" என்றார். மறுநாள் காலை ஒரு காபிதான் வந்தது. சர்க்கரை இல்லை. மிகவும் மோசமாக இருந்தது என்றும் சொட்டு விடாமல் குடித்தார் என்றும் கேள்வி.

இதைப் படித்ததும் உங்களுக்கு உங்கள் சித்தப்பா ஞாபகம் வந்திருக்கும், அல்லது மேல்மாடிக்காரர். உங்கள் ஞாபகம் மட்டும் உங்களுக்கு வந்திருக்காது. இந்த இனத்தின் முதல் அடையாளமே அதுதான். போகட்டும். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒருவர் ஒரே கேள்வியை மூன்றாம் முறை கேட்டபோது, "வயசாச்சு, விடு" என்று சொல்லிச் சிரித்துவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டியது யார்? சரி, அதையும் விடுங்கள். கையில் இருக்கிறதே ஒரு காபி, அது இன்றைக்கு எத்தனையாவது?